‘ஐந்து படி அரிசிக்காக இடுப்பை வளைப்பதில்லை’: ஒரு சீன மரபுத்தொடரைப் பிரித்துப் படிக்கும் முறை

‘பு வெய் வூ தோவ் மி ஜெ யாவ்’ என்ற சீனத் தொடரை அகராதியில் தேடினால், ‘அற்ப ஊதியத்துக்காகத் தன்மானத்தை விட்டுக்கொடுக்காமை’ என்பது போன்ற ஒரு வரிப் பொருள் கிடைக்கும். அது தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பித் தொடரை எடுத்தாளுகிறவர், லஞ்சம் வாங்க மறுத்தவரையும் இதே தொடரால் பாராட்டிவிடுவார். சீனம் அறிந்தவருக்கு அது உறுத்தும்.

முதலில் சொற்களைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். ‘பு’ என்பது எதிர்மறை, ‘வெய்’ என்பது ‘பொருட்டு’, ‘வூ’ ஐந்து, ‘மி’ அரிசி, ‘ஜெ’ மடக்குதல் அல்லது வளைத்தல், ‘யாவ்’ இடுப்பு. எஞ்சியிருக்கும் ‘தோவ்’ முகத்தலளவை. இத்தொடர் பிறந்த காலத்தில் அது சுமார் 2 லிட்டர் கொண்டது, அதாவது நம் படியைவிடச் சற்றுப் பெரியது. ஐந்து தோவ் என்றால் ஏறக்குறைய 10 லிட்டர் அரிசி. இது ஓர் அதிகாரியின் எத்தனை நாள் சம்பளம், சம்பளத்தைத்தான் குறிக்கிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். தொடரைப் புரிந்துகொள்ள, அளவு சிறியது என்பதை மனத்தில் வைத்தாலே போதும்.

அடுத்து, இதைச் சொன்னவர் எந்த இடத்தில் நின்று சொன்னார் என்று பார்க்க வேண்டும். அவர் கிழக்கு ஜின் அரசமரபின் காலத்துக் கவிஞரான தாவ் யுவான்மிங், 427இல் இறந்தவர். 405ஆம் ஆண்டு அவர் இன்றைய ஜியாங்சி மாகாணத்திலுள்ள பெங்சேயின் ஆட்சியராக இருந்தார். நம் வழக்கில் தாசில்தாருக்கு ஒப்பான பதவி என்று கொள்ளலாம். மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஆய்வு அதிகாரி ஒருவர் வந்திருப்பதாகவும், இடைக்கச்சையை முறையாகக் கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்றும் கீழ்நிலை அலுவலர் அவருக்கு நினைவூட்டினார். தாவ் பெருமூச்சு விட்டு, ஐந்து தோவ் அரிசிக்காக ஒரு நாட்டுப்புறத்துச் சிறுமனிதனுக்கு முன் இடுப்பை வளைக்க என்னால் ஆகாது என்று சொல்லி, அன்றே பதவி முத்திரையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார் என்பது வரலாறு.

இங்கே சற்று நின்று அந்தக் கச்சையைக் கவனிப்பது நல்லது. தாவிடம் யாரும் பணம் கேட்கவில்லை, பொய்க்கணக்கு எழுதச் சொல்லவில்லை. கேட்கப்பட்டது அலுவலக நடைமுறையான ஒரு வணக்கம் மட்டுமே. ஆகவே இதைத் தமிழில் ‘கூழைக் கும்பிடு போடமாட்டேன்’ என்று பெயர்ப்பது, காதுக்கு இதமாக இருந்தாலும், சரியாகாது. கூழைக் கும்பிட்டில் காரியம் சாதிக்கும் குழைவு இருக்கிறது. தாவ் மறுத்ததோ எல்லோரும் யோசிக்காமல் செய்துவிட்டுப் போகிற ஒன்றை. ‘இடுப்பை வளைத்தல்’ என்று உடலசைவை அப்படியே வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. அந்தச் ‘சிறுமனிதன்’ பிற்கால வழக்கில் தொடரிலிருந்து உதிர்ந்துவிட்டான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்; அவன் உதிர்ந்ததால்தான், ஓர் அதிகாரிமேல் வந்த எரிச்சலாக இருந்த பேச்சு எவருக்கும் பொருந்தும் தொடராக மாறியது.

மூன்றாவதாக, கதையை அதன் நாயகன் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. மேலே சொன்ன நிகழ்ச்சி, ஷென் யுவே 488இல் அளித்த ‘சோங் நூல்’ என்ற வரலாற்றிலும், 648இல் முடிந்த ‘ஜின் நூல்’ என்பதிலும் இருக்கிறது; முந்தையதே தாவ் இறந்து 61 ஆண்டுகள் கழித்து வந்தது. ஆனால் தாவ், பதவி விலகி ஊர் திரும்பியதைப் பற்றிய தம் புகழ்பெற்ற பாடலின் முன்னுரையில் வேறு காரணம் சொல்கிறார்: தங்கை வூசாங்கில் இறந்துவிட்டாள், அங்கே விரைய வேண்டியிருந்தது, ஆகவே எண்பது நாளுக்குச் சற்று மேல் வகித்த பதவியைத் தாமே விட்டுவிட்டதாக. அதே முன்னுரையில், வீடு நிறையக் குழந்தைகள் இருந்தும் சாடியில் தானியம் இல்லை என்பதையும், முன்பு பார்த்த உத்தியோகங்களெல்லாம் வாய்க்கும் வயிற்றுக்கும் தம்மை அடிமையாக்கியவை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த அரிசி அவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. தேவையில்லாதவன் மறுத்திருந்தால் இப்படியொரு தொடர் நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி பயன்படுத்தும் முறை. பிழைப்புக்கான வேலையை, தலைகுனிவை ஏற்க மனமில்லாமல் ஒருவர் விடும்போது இத்தொடர் கச்சிதமாகப் பொருந்தும். வசதியுள்ளவர் வேலையை உதறியதற்கு இதைச் சொன்னால் கேலி போல ஒலிக்கும். பசியில் வாடியவன், ‘ஏய், வந்து தின்னு’ என்று அழைத்துக் கொடுத்த சோற்றை மறுத்து உயிர்விட்ட நிகழ்ச்சிக்குச் சீனத்தில் வேறொரு தொடர் உண்டு. அங்கே பேச்சு இழிவாக வந்த தானத்தைப் பற்றியது, இங்கே ஊதியத்தைப் பற்றியது. ‘ஜெ யாவ்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் எங்கேனும் கண்டால் அவசரப்படக் கூடாது. தாங் காலக் கவிஞர் லி பாய் அதிகாரம் படைத்தோர் முன் இடுப்பை வளைப்பதை வெறுத்துப் பாடுகிறார். மாவோ 1936இல் எழுதிய பனிக் கவிதையிலோ எண்ணற்ற வீரர்கள் நாட்டின் அழகுக்கு முன் போட்டி போட்டு வளைகிறார்கள், அங்கே அது வியப்பின் வணக்கம்.

கடைசியாக, கதையின் ஓரத்தில் கிடக்கும் ஒரு விவரம். பதவியோடு வந்த நிலம் முழுவதிலும் மது வடிப்பதற்கான பசைநெல்லைப் பயிரிட தாவ் உத்தரவிட்டதாகவும், வீட்டார் விடாமல் மன்றாடியதால் 300 மூ (சீன நில அளவு) நிலத்தில் 50 மூவைச் சோற்று நெல்லுக்கு ஒதுக்கியதாகவும் ‘சோங் நூல்’ சொல்கிறது. ஒரு விளைச்சலாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்ததாக அவரும் முன்னுரையில் எழுதுகிறார். ஆனால் அவர் பதவியில் இருந்ததோ இலையுதிர்காலத்தின் நடுவிலிருந்து குளிர்காலம் வரை. அந்த நிலத்து நெல் ஒரு மணிகூட அவர் வாய்க்கு எட்டியிருக்க வழியில்லை.