ஆஸ்டியோபதி ஆய்வுக் கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் முதல் ஆஸ்டியோபதி பள்ளியைத் தொடங்கினார். தசைகளையும் மூட்டுகளையும் கைகளால் அழுத்தியும் அசைத்தும் சிகிச்சையளிக்கும் முறை இது. 1901இல் அத்துறைக்கென ஓர் ஆய்விதழ் பிறந்தது. 2021 முதல் அது ‘ஜர்னல் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்’ என்ற பெயரில் வருகிறது. இத்தனை நீண்ட எழுத்து மரபு இருந்தும் இத்துறைக் கட்டுரைகளில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எழுதும்போது நேர்பவை அல்ல, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே வேர்விட்டுவிடுபவை.

முதலாவதும் மிகக் கடுமையானதும் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியது. மாத்திரையைச் சோதிப்பவர் அதே நிறத்திலும் வடிவத்திலும் வெற்று மாத்திரை செய்து கொடுத்துவிடலாம். மருத்துவரின் கைக்கு அப்படி ஒரு வெற்று வடிவம் எளிதில் அமைவதில்லை. முதுகுவலியோடு வந்தவர் மேசையில் குப்புறப் படுக்கிறார்; ஒருவர் பொறுமையாக அவர் சொல்வதைக் கேட்கிறார்; வெதுவெதுப்பான உள்ளங்கை இடுப்பின் இருபுறமும் படிகிறது; கால் மணி நேரம் வேறு யாரும் குறுக்கிடுவதில்லை. இவ்வளவுக்குப் பிறகு வலி குறைந்தால், குறைத்தது மூட்டை அசைத்த உத்தியா, கவனிப்பா, தொடுகையா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஒன்றுமே பெறாத குழுவோடு மட்டும் ஒப்பிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தராது. அதனால்தான் அழுத்தமின்றிக் கையை வைத்திருக்கும் ‘மென்தொடுகை’க் குழு தேவைப்படுகிறது. ஆய்வின் முடிவில், தமக்குக் கிடைத்தது எந்தச் சிகிச்சை என்று நினைக்கிறீர்கள் என நோயாளிகளிடம் கேட்டு, அந்த விடைகளையும் கட்டுரையில் தர வேண்டும்.

இதன் அருமையை உணர, 2010இல் வெளியான மோப்ஸ் ஆய்வைப் பார்க்கலாம். நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 406 பேரை அது சீட்டுக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தது: வழக்கமான சிகிச்சை மட்டும், அதோடு மென்தொடுகை, அதோடு ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சை. ஒதுக்கப்பட்ட குழுவின்படியே எல்லோரையும் கணக்கிட்டபோது குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திட்டப்படி சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்களை மட்டும் கணக்கிட்டபோது, மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4.5, மென்தொடுகைக் குழுவில் 3.9, கைமுறைச் சிகிச்சைக் குழுவில் 3.5 என்று வந்தது. முதலதற்கும் கடைசியதற்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது. மென்தொடுகைக்கும் கைமுறைச் சிகிச்சைக்கும் இடையிலானது அப்படியல்ல. நடுக் குழு இல்லாதிருந்தால் இந்த நுட்பம் நமக்குத் தெரிந்தே இருக்காது.

இதே ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பலர் இரண்டாவது கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இது பெரிய தவறு. சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்களையும் இடையில் விலகியவர்களையும் பிரித்தது சீட்டுக் குலுக்கல் அல்ல. உடல்நிலை மோசமானவர் விலகியிருக்கலாம். ஆகவே ஒதுக்கீட்டின்படி செய்த கணக்கே தலைமை முடிவாக நிற்க வேண்டும். மற்றது அதன் அருகில், அதன் பெயரோடு, துணையாக வரலாம்.

முதன்மை விளைவை, அதாவது ஆய்வு முக்கியமாக எதை அளக்கப்போகிறது என்பதை, முன்கூட்டியே குறித்துவைக்காமல் இருப்பதும் இதைச் சேர்ந்த பிழைதான். முதுகுவலி குறித்து 1999இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில், ஆஸ்டியோபதி குழுவும் வழக்கமான மருத்துவக் குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. ஆனால் முன்னதற்கு மருந்துத் தேவை குறைவாக இருந்தது. மருந்து குறைந்தது மதிப்புள்ள செய்தியே. அதை மட்டும் சுருக்கத்தில் எழுதி, வலியில் வேறுபாடு இல்லை என்பதை உள்ளே புதைப்பது வாசகரைத் தவறான வழியில் அனுப்புவதாகும். சோதனையைப் பொதுப் பதிவேட்டில் முன்னதாகவே பதிந்திருக்க வேண்டும் என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2005 முதல் கேட்டுவருவதற்குக் காரணம் இதுவே. பதிவெண்ணைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்குப் பிறகு வழியில்லை.

பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தவுடன் சிகிச்சை பயனளித்தது என்று எழுதிவிடுவதும் கூடாது. பிரான்ஸில் 400 பேரிடம் நடந்து 2021இல் வெளியான முதுகுவலி ஆய்வில், அன்றாடச் செயல்களில் உள்ள தடையை 100 புள்ளி அளவுகோலில் அளந்தபோது, மென்தொடுகையைவிடக் கைமுறைச் சிகிச்சை 3.4 புள்ளி கூடுதலான முன்னேற்றம் தந்தது. எண்ணளவில் அது உண்மையான வேறுபாடு. காலணிக்கயிறு கட்டக் குனியும் நோயாளி அதை உணர்வாரா என்பது வேறு கேள்வி. அந்த வேறுபாட்டின் மருத்துவப் பயன் கேள்விக்குரியது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முறையியல் பகுதியில் ‘நோயாளிகளுக்கு ஆஸ்டியோபதி சிகிச்சை அளிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் மதிப்பாய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தசை ஆற்றல் உத்தியா, திசுத் தளர்த்தலா, விரைவான சிறு உந்துதலா, எந்த இடத்தில், எத்தனை நிமிடம், எத்தனை அமர்வு, நோயாளிக்கேற்ப மாற்ற எவ்வளவு இடம் இருந்தது என்பதெல்லாம் வேண்டும். சிகிச்சையளித்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) பட்டம் பெற்றவர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற தனித் தொழில். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் முடிவுகளை ஒப்பிடவே முடியாது.

விரல்களால் தொட்டறிந்த திசு மாற்றம், சமச்சீரின்மை, அசைவுக் குறைவு, தொட்டால் நோவு ஆகியவற்றை அளவீடாகக் கொள்ளும்போது, இரு பரிசோதகர்கள் தனித்தனியே பார்த்து எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதைக் காப்பா என்னும் ஒத்திசைவு எண்ணோடு தர வேண்டும். அது தற்செயலான ஒற்றுமையை நீக்கிக் கணக்கிடும் எண்; வெறும் சதவீதம் போதாது.

சிறு தவறுகளும் உண்டு. ஒரே நோயாளியின் வரலாற்றை வைத்துக்கொண்டு சிகிச்சை குணப்படுத்தியது என்று எழுதுவது, எழுத்தில் பங்கில்லாத துறைத்தலைவரை ஆசிரியர் பட்டியலில் சேர்ப்பது, பணம் கட்டினால் மூன்றே நாளில் ஏற்கும் இதழுக்கு அவசரத்தில் அனுப்புவது ஆகியவை அவை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, சாதகமாக வராத முடிவை வெளியிடாமல் விட்டுவிடும் பழக்கம். பதிவேட்டில் சோதனையின் பெயர் இருக்கிறது, நோயாளிகளைச் சேர்த்து முடித்த தேதியும் இருக்கிறது, கட்டுரை மட்டும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட வருபவர் வெளியானவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வார். அங்கே வந்து மேசையில் படுத்து, வினாத்தாள் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போன நோயாளிகள் அந்தக் கணக்கில் எங்கும் இருக்க மாட்டார்கள்.