ஈயின் டோல் வேறு, எலியின் டோல் வேறு: நோய் எதிர்ப்பு மரபணுக்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்துபோன ஒரு பழ ஈ. அதன் உடம்பில் பூஞ்சை இழைகள் மயிர் போல முளைத்து நிற்கின்றன. 'டோல்' என்ற ஒரு மரபணு பழுதானதால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையிடம் தோற்றுப்போன ஈ அது. 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் வெளியிட்ட அந்த நுண்ணோக்கிப் படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது. அடுத்த ஆண்டே, மனிதரிடம் உள்ள டோல் போன்ற மரபணுவும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்று தெரிந்தது. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு எலியின் டிஎல்ஆர்-4 ஏற்பிதான் பாக்டீரியாவின் உறை நஞ்சை உணர்கிறது என்று காட்டியது. ஏற்பி என்பது சைகையைப் பிடித்துச் செல்லுக்குச் சொல்லும் புரதம்; டிஎல்ஆர் என்றால் 'டோல் போன்ற ஏற்பி'. 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

கதை இவ்வளவு அழகாக இருப்பதால்தான் பலர் சறுக்குகிறார்கள். ஈயிலும் எலியிலும் ஒரே ஏற்பி ஒரே வேலையைச் செய்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை.

ஈயின் டோல் கிருமியை நேரில் தொடுவதே இல்லை. தொட்டுப் பார்ப்பவை வேறு புரதங்கள். பூஞ்சைச் சுவரில் உள்ள குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை ஒன்று பிடிக்கும். சிலவகை பாக்டீரியாக்களின் சுவரை இன்னொன்று பிடிக்கும். பிடித்ததும் நொதிகள் ஒன்றை ஒன்று வரிசையாகத் தூண்டி, கடைசியில் ஸ்பெட்ஸ்லே என்ற சிறு புரதத்தை வெட்டித் தயாராக்கும். அது வந்து ஒட்டினால்தான் டோல் விழித்துக்கொள்ளும். அப்புறம் ஈயின் கொழுப்புத் திசு டிரோசோமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சுரக்கும். எலியின் டிஎல்ஆர்-4 அப்படி இல்லை. எம்டி-2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து நஞ்சையே பிடிக்கிறது. எலியினுடையது வாசலில் நின்று ஆள் பார்க்கிறது. ஈயினுடையது உள்ளே இருந்து தகவல் வாங்குகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டோல் முதலில் பெயர் வாங்கியது நோய் எதிர்ப்புக்காக அல்ல. ஈயின் கருவில் முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று தீர்மானிக்கும் மரபணுவாகத்தான் 1980-களில் அதை அறிந்தார்கள்.

எண்களைப் பார்த்து ஏமாறுவதும் அடிக்கடி நடக்கிறது. பழ ஈக்கு 9 டோல் மரபணுக்கள், மனிதருக்கு வேலை செய்யும் டிஎல்ஆர் 10, எலிக்கு 12. உடனே ஈயின் டோல்-5க்கும் நம் டிஎல்ஆர்-5க்கும் கோடு போட்டு இணைத்துவிடுகிறார்கள். நம் டிஎல்ஆர்-5 பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தை அறியும். ஈயின் டோல்-5 அதற்கு நேர் இணை அல்ல. ஈயின் கிளையும் நம் கிளையும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு இரு கிளைகளிலும் இந்தக் குடும்பம் பெரும்பாலும் தனித்தனியே பெருகியது.

எண்ணிக்கையை வலிமையாக எடுத்துக்கொள்வதும் வேண்டாம். கடல் முள்ளெலியிடம் இந்த வகை மரபணுக்கள் 200-க்கு மேல். அதனால் அது நம்மைவிட 20 மடங்கு பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆகாது. பட்டாணி அசுவினியோ, மற்றப் பூச்சிகள் நம்பியிருக்கும் ஐஎம்டி என்ற எதிர்ப்புப் பாதையின் முக்கியமான மரபணுக்களையே இழந்துவிட்டு வாழ்கிறது.

'இயற்கை எதிர்ப்பு (பிறவியிலேயே வரும் நோய் எதிர்ப்பு) பழமையானது, அதனால் மாறாதது' என்ற நினைப்பு எனக்கு மிகவும் கவலை தருவது. செல்லுக்குள் இருந்து வைரஸின் மரபுப் பொருளை அறியும் டிஎல்ஆர்-3, 7, 8, 9 ஆகியவை மனிதரிடம் கட்டுக்கோப்பாகக் காக்கப்படுகின்றன, உண்மைதான். ஆனால் செல்லின் வெளிப்புறத்தில் இருப்பவை அப்படி அல்ல. டிஎல்ஆர்-5 புரதம் பாதியில் நின்றுபோகும் மரபணு மாற்றம் பலருக்கு உண்டு, அவர்கள் சாதாரணமாகவே வாழ்கிறார்கள். டிஎல்ஆர்-1, 6, 10 இருக்கும் பகுதியின் சில வடிவங்கள் நியாண்டர்தால்களிடமிருந்து நமக்கு வந்தவை. எலியில் வேலை செய்யும் டிஎல்ஆர்-11 நம்மிடம் உடைந்து கிடக்கிறது. நம்மிடம் உள்ள டிஎல்ஆர்-10 எலியிடம் சிதைந்துவிட்டது.

பாய்ட்லர் குழு ஆராய்ந்த எலி வகையில் டிஎல்ஆர்-4 புரதத்தின் 712-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம். அந்த எலிகள் நஞ்சை ஊசியாகப் போட்டாலும் பிழைத்தன. உயிருள்ள சால்மொனெல்லா புகுந்தால் எளிதில் இறந்தன. இதைப் 'பழுதான மரபணு' என்று சொல்வதா, 'காக்கும் மரபணு' என்று சொல்வதா? எந்த ஆபத்து என்று சொல்லாமல் இரண்டில் எதையும் எழுத முடியாது.

எந்த மரபணு எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் மரபணு மரம் வரையத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஎல்ஆர்-1ம் 6ம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. காலப்போக்கில் ஒன்றின் வரிசைத் துண்டு மற்றதன் மேல் படியெடுக்கப்படும். அதனால் ஒரே உயிரினத்தின் இரண்டும் போன வாரம் பிரிந்தவை போல மரத்தில் ஒட்டி நிற்கும். பிரிந்த காலம் அதைவிட மிகப் பழையதாக இருக்கலாம். ஆகவே முழுப் புரதத்தையும் ஒரே மூச்சில் மரமாக்காமல், செல்லுக்கு வெளியே நீளும் பகுதிக்கு ஒரு மரம், உள்ளே இருக்கும் பகுதிக்கு ஒரு மரம் என்று தனித்தனியே வரைந்து, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பாருங்கள்.