புல் தின்னும் குதிரைக்கு எத்தனை டப்பா சத்து மாவு?

பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்கின்றன, குளம்பில் வெடிப்பு. உடனே குளம்புக்கென்று விற்கும் சத்து மாவு ஒரு டப்பா வாங்கிக் கலக்கிறோம். மாற்றம் இல்லையென்றால் இன்னொரு கரண்டி. ஆனால் செலினியம் என்ற தாதுச்சத்து அளவுக்கு மிஞ்சினாலும் இதே அறிகுறிகள்தான் வரும். மயிர் கொட்டும், குளம்பின் மேல்விளிம்புக்குக் கீழே குறுக்காக வெடிப்பு விழும். குளம்பு மாவுகள் பலவற்றிலும் செலினியம் சேர்ந்தே இருக்கிறது. மருந்தென்று நினைத்து நோயைக் கூட்டிக்கொண்டு போகும் வழி இது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் வெளியிட்ட அளவுகளின்படி, வேலையில்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குத் தேவையான செலினியம் 1 மில்லிகிராம்தான். சில மண்ணில் விளையும் புல்லில் இது மிகக் குறைவாக இருக்கும், சில மண்ணில் தேவைக்கு மேலேயே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் குளம்புக்கு ஒரு மாவு, தசைக்கு ஒன்று, பொதுச் சத்துக்கு ஒன்று, கூடவே சத்தேற்றிய தீவனம் என்று கொடுத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் ஒரே போலோ அணியின் 21 குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து செத்தன. அவற்றுக்கு ஊசியில் ஏற்றிய சத்துக் கலவையில் செலினியம் பல மடங்கு கூடிப்போனதுதான் காரணம். ஊசியின் வேகம் தீவனத்துக்குக் கிடையாது, சரி. ஆனாலும் இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் பொருளைக் கண்ணளவில் கொட்டக் கூடாது. லாயத்தில் இருக்கும் எல்லா டப்பாக்களின் லேபிளையும் எடுத்துவைத்து, ஒரே சத்து எத்தனை இடத்தில் வருகிறது என்று கூட்டிப் பாருங்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி இந்தக் கூட்டலைச் செய்யாததால் வந்தவை.

அடுத்தது இரும்புச்சத்து டானிக். குதிரை சோர்ந்திருந்தால் ‘ரத்தம் குறைவு’ என்று இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அந்த 500 கிலோ குதிரைக்கு வேண்டியது 400 மில்லிகிராம் இரும்பு. நாளுக்கு 10 கிலோ காய்ந்த புல் தின்றால், கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்தாலும், 1000 மில்லிகிராம் உள்ளே போய்விடுகிறது. புல்லில் ஒட்டிய மண் வேறு. மிஞ்சிய இரும்பைக் குதிரையின் உடலால் எளிதில் வெளியேற்ற முடியாது, அது கல்லீரலில் தங்கும். புல்லை நம்பி வாழும் குதிரைக்குப் பெரும்பாலும் குறைவது தாமிரமும் துத்தநாகமும்தான். தேவை முறையே 100, 400 மில்லிகிராம். காய்ந்த புல் பல நேரம் இதில் பாதியைத்தான் தரும். வெயிலில் கருமை வெளிறும் மயிர், பலமில்லாத குளம்பு என்றால் இந்த இரண்டின் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும். ஆனால் இவற்றின் குறைவை ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டாது, புல்லைத்தான் சோதிக்க வேண்டும். செலினியத்துக்கும் வைட்டமின் ஈக்கும் ரத்தப் பரிசோதனை உதவும்.

வைட்டமின் ஈ பற்றிச் சொல்லும்போது பசும்புல்லையும் காய்ந்த புல்லையும் ஒன்றாகப் பேசவே முடியாது. நல்ல பச்சை மேய்ச்சலில் நாள் முழுவதும் நிற்கும் குதிரைக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. புல்லை அறுத்துக் காயவைத்ததும் பெரும்பகுதி போய்விடும், அடுக்கி வைக்க வைக்க மிச்சமும் குறையும். பல மாதங்கள் பச்சையே பார்க்காத குதிரைகளுக்குத் தசை வற்றி, நிற்கும்போதே கால் நடுங்கும் நரம்பு நோய் வருவதுண்டு. நாளொன்றுக்கு அடிப்படைத் தேவை 500 சர்வதேச அலகு (லேபிளில் IU), கடும் வேலைக்கு 1000. இயற்கை வகை, செயற்கை வகையைவிட நன்றாக உடலில் சேரும். ஒரு பொறி மட்டும் உண்டு: ஈயும் செலினியமும் சேர்ந்த டப்பாவை வாங்கி, ஈ போதவில்லை என்று அளவை ஏற்றினால் செலினியமும் கூடவே ஏறும். ஈ மட்டும் உள்ளதைத் தனியாக வாங்குங்கள். வைட்டமின் சிக்குப் பொதுவாகச் செலவு வேண்டாம், குதிரையின் கல்லீரலே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

உப்பு கதை சுருக்கமானது. புல்லில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். தினமும் 25 கிராம் சாதாரண உப்பு, அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி, அடிப்படைத் தேவையை நிரப்பிவிடும். வியர்த்தால் கூடுதல். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். மாட்டின் சொரசொரப்பான நாக்குக்குச் செய்த உப்புக்கட்டியை நக்கியே குதிரை போதுமானதைப் பெறும் என்று நம்பிவிடாதீர்கள்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. மாட்டுக்கான தாது உப்புக் கலவையையோ தீவனத்தையோ ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று குதிரைக்கு வைக்கவே கூடாது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாடு தாங்கும் அளவே குதிரையின் இதயத்தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். அதற்கு முறிவு மருந்தும் இல்லை.

தவிடு நல்லது என்று தினமும் கோதுமைத் தவிடு போடுபவர்களும் கவனிக்க வேண்டும். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. தீவனம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. குறைந்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், முகத்து எலும்பு வீங்கும், கால் நொண்டும். செட்டாரியா, கினிப்புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் இருக்கிறது. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால், தாளில் கணக்கு சரியாக இருந்தும் குதிரைக்குக் கிடைக்காது. குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரில் கால்சியம் நிறைய உண்டு, அதைக் கொஞ்சம் சேர்ப்பது பல நேரங்களில் டப்பாவைவிட நல்ல வழி. வைக்கோலை இந்தக் கணக்கில் புல்லாக எண்ணாதீர்கள். கதிர் அறுத்தபின் மிஞ்சும் தண்டு அது.

குளம்புக்காகப் பயோட்டின் என்ற வைட்டமினைக் கொடுக்கத் தொடங்கி ஒரு மாதத்தில் ‘பலனில்லை’ என்று நிறுத்துவதும் வீண் செலவுதான். குளம்பு மேலிருந்து கீழாக வளர்கிறது, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டுவது அரிது. நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்று கொடுத்தாலும், புதுக் குளம்பு தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். பழைய வெடிப்பு ஒட்டிக்கொள்ளாது, வளர்ந்து கீழே வந்து வெட்டுப்பட்டுத்தான் போகும்.

புல்லைச் சோதனைக்கு அனுப்பும்போது மேலே கிடக்கும் ஒரு பிடியை மட்டும் உருவி எடுக்காதீர்கள். பல கட்டுகளின் உள்ளிருந்து எடுத்து, உதிரும் இலையோடு கலந்து அனுப்புங்கள். அப்புறம், டப்பாவோடு வரும் கரண்டியை ஒருமுறை மாவோடு தராசில் வைத்துப் பாருங்கள். தலைதட்டி அள்ளுவதும் குவித்து அள்ளுவதும் ஒரே எடை காட்டாது.