பழைய கார் சூடாகிறதா? தெர்மோஸ்டாட் மேல் கை வைக்கும் முன்

போன மாதம் ஒரு தம்பி 1998 மாடல் மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. "அண்ணே, ஹைவேல ஹீட் ஆகுது. வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, சென்சார் மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டையும் கழட்டிட்டாங்க, இப்ப ஹெட்ட இறக்கணும்ங்கறாங்க" என்றான். (ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடுகிற இன்ஜின் பாகம்.) இருபது வருடம் முன்னால் என் முதல் வண்டிக்கு நான் செய்ததும் ஏறக்குறைய இதே வரிசைதான். அப்போதிலிருந்து இதையே செய்துவிட்டு வந்து நிற்கிற எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் இருக்கிறதா பாருங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எப்போது சூடாகிறது என்று கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

பாதி விடை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் போங்கள்: மோட்டார், ரிலே, ஃபியூஸ், ஃபேனை ஓட வைக்கிற சுவிட்ச். ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு 70, 80 வேகத்தில் மட்டும் ஏறினால் ஃபேனைத் திட்டாதீர்கள். அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும், தண்ணீர்தான் சரியாக ஓடவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, ஹோஸ், பம்ப் என்று தேட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் இன்ஜினின் அடிப் பாகத்துக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகட்டை, சந்தேகப்படலாம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?"

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அனுபவசாலிகளே சொல்கிறார்கள், அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் நம்பிவிடுகிறார்கள், நானும் நம்பினேன்.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். அதன் மேலேயே 82 என்றோ 88 என்றோ அச்சடித்திருப்பார்கள். அந்த டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வு திறக்கத் தொடங்கும், இன்னும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுசாகத் திறந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியில் 40, 41 டிகிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்குத் தேவையான சூட்டில் அது பாதிதான். ஊர் வெயில் தெர்மோஸ்டாட்டுக்கு மாற்றாகாது.

அதைக் கழற்றினால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், சின்னச் சின்ன ஓட்டத்தில் வராமலே போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், ஆயில் கெடும், பிஸ்டன் ரிங் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இருந்தால்தான் பைபாஸ் வழி அடைபடும். அதில் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரையே தொடாமல் சுற்றும், சூடு கூடத்தான் செய்யும்.

இதையெல்லாம் விடப் பெரிய கெடுதல், உண்மையான நோயை அது மறைத்துவிடுகிறது. என் வண்டி 1996 மாடல் 800. 2004-இல் ஹைவேயில் முள் ஏற ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினேன், பத்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். முள் சட்டென்று கால்வாசிக்கு இறங்கியது. எனக்குப் பரம சந்தோஷம். உண்மையில் நடந்தது என்னவென்றால், ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது, வழியில் இருந்த வால்வை எடுத்ததும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஓடியது, அதனால் மிச்சம் இருந்த பாதி ரேடியேட்டர் கொஞ்ச காலம் சமாளித்தது. அடைப்பு மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 14 கொடுத்தபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும், கார்புரேட்டரைத்தான் இரண்டு முறை சர்வீஸ் செய்தேன்.

2006 மே மாதம், குடும்பத்தோடு ஐந்து பேர், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறுகிறோம். டம் டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை அணைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் முள் மடமடவென்று இறங்கியது. அப்பாடா என்று மிதித்தேன். அங்கேதான் போச்சு. தண்ணீர் கொதித்து வெளியே போய்விட்டிருந்தது. சென்சார் தண்ணீரைத் தொடாமல் வெறும் ஆவியில் நின்றால் முள் அப்படித்தான் பொய் சொல்லும். இன்னொரு கிலோமீட்டரில் இன்ஜின் கடகடவென்று தட்டி நின்றுவிட்டது. அலுமினிய ஹெட் வளைந்துபோயிருந்தது. ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்தது, கேஸ்கெட், ரிங், வேறு ரேடியேட்டர், வண்டியை மலையிலிருந்து இறக்கிய செலவு எல்லாம் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம் போனது. 2004-லேயே ரேடியேட்டர் கடையில் தொட்டியைக் கழற்றி, கம்பி விட்டு அடைப்பு எடுத்திருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும்.

சரி, தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? கழற்றுங்கள், தப்பில்லை, ஆனால் கழற்றிச் சோதியுங்கள். நூலில் கட்டி, அடியில் படாமல், ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அச்சடித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்து, தண்ணீர் கொதிப்பதற்குள் முழுசாகத் திறந்துவிட்டால் அது நல்ல தெர்மோஸ்டாட், திரும்ப மாட்டுங்கள். முழுசாகத் திறந்தபின் அது வழியை விட்டு விலகி நிற்கிறது, அதற்கு மேல் ஏறும் சூட்டுக்கு அதைக் குற்றம் சொல்லவே முடியாது. திறக்கவில்லை என்றால் புதிது வாங்கிப் போடுங்கள். அந்த இடத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பது

பல மூடிகளில் 0.9 என்று எழுதியிருக்கும், அது அந்த மூடி தாங்கிப் பிடிக்கிற அழுத்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ரப்பர் வாஷர் போன மூடி என்றால் 100-ஐத் தாண்டியதுமே கொதித்து வெளியேறும், இன்ஜினில் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே. மூடியின் நடுவில் இன்னொரு குட்டி வால்வு உண்டு. ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க வழிவிடுவது அதுதான். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கிறதா? முதலில் மூடியை மாற்றுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, சரி

எந்தப் பக்கம் சுற்றுகிறது? மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள், உள்பக்கம் ஒட்ட வேண்டும்.

போர் தண்ணீர்

ஊற்றாதீர்கள்.

ஆயில் மூடியில் வெள்ளைப் பசையைப் பார்த்ததும் ஹெட்டை இறக்குவது

குன்னூரில் சித்தப்பா வண்டிக்கு நடந்தது இது. வீட்டிலிருந்து மார்க்கெட் இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான் அந்த வண்டியின் ஓட்டம். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி பசை. பார்த்தவர்கள் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று ஹெட்டை இறக்கிவிட்டார்கள். கேஸ்கெட் முழுசாக இருந்தது. வண்டியில் இல்லாமல் இருந்தது தெர்மோஸ்டாட்தான், அதையும் யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் ஈரப்பதம் ஆவியாகிப் போகாமல் மூடியில் படிந்து ஆயிலோடு கலந்த பசை அது. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கில் வருகிற ஆயிலும் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால்தான் நிஜமாகவே கவலைப்பட வேண்டும்.

ஹெட்டை இறக்கச் சொன்னால் முதலில் இதைச் செய்யுங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே மாட்டியிருந்த காற்று முதலில் கொஞ்சம் குமிழாக வரும், அப்புறம் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கூடினால், சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது. நீல நிறத் திரவம் ஊற்றிச் சோதிக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது, புகை இருந்தால் திரவம் மஞ்சளாகிவிடும்.

தம்பி வண்டியில் குமிழ் நின்றுவிட்டது. ஹைவேயில் மட்டும் சூடாகிறது என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்ததால், இன்ஜினைச் சூடாக்கி, பானெட்டைத் திறந்து வைத்து, அவனை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் வேகம் ஏற ஏற ஹோஸ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிட்டது, காலை எடுத்ததும் மறுபடி உப்பியது. உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துத் துண்டு துண்டாகிவிட்டிருந்தது. புது ஹோஸ் ஒன்று, தெர்மோஸ்டாட் ஒன்று, பாட்டிலில் எழுதியிருந்த அளவுப்படி கூலண்ட் கலந்தோம். விராலிமலை வரை 80-இலேயே ஓட்டிப் போனோம், முள் பாதிக்குக் கீழேயே நின்றது. திரும்பி வரும்போது அவன் ஏசியும் போட்டுப் பார்த்தான்.