உடலின் கடிகாரத்தோடு உணவு நேரத்தை இணைப்பது எப்படி?

எதைச் சாப்பிடுகிறோம் என்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, எப்போது சாப்பிடுகிறோம் என்பதில் நாம் காட்டுவதில்லை. ஒரே உணவைக் காலையில் உண்பதைவிட இரவில் உண்ணும்போது இரத்தச் சர்க்கரை பொதுவாகக் கூடுதலாக ஏறுகிறது. இறங்கவும் அதிக நேரம் பிடிக்கிறது. இரவில், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் வேகம் தணிந்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

செய்முறைக்குள் போவதற்கு முன் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆன தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அது கண் வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு என்றாலும், அவை பெரிதும் உணவு வந்துசேரும் நேரத்தையே நம்புகின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது, பங்கேற்றவர்களின் இரத்தச் சர்க்கரைத் தாளமும், அதாவது அது நாள்தோறும் ஏறி இறங்கும் ஒழுங்கும், 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் தள்ளிப்போனது. மெலடோனின் தாளமோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஓர் உடலுக்குள் இரண்டு நேரம் ஓடுகிறது என்பதே இதன் பொருள். அந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் நம் வேலை.

முதல் படி, ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வைப்பது. வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். "இரவு 10:40, அரைக் கோப்பை பால், இரண்டு பிஸ்கட்" என்பதைப் போன்ற வரிகளைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். உண்மையில் நாளின் கடைசி உணவு அதுதான். முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் இடையிலான மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால், நாம் நினைப்பதைவிட அது நீளமாகவே இருக்கும்.

இரண்டாவதாக, கடைசி உணவைப் படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, தூக்கத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக வையுங்கள். 11 மணிக்குப் படுப்பவர் 8 மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் பசி தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் முன்னே நகர்த்துங்கள். இரவில் குறைத்த அளவைப் பகல் உணவில் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் இது பட்டினி கிடக்கும் முறை அன்று.

மூன்றாவது, விழித்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே சென்று இயற்கை வெளிச்சத்தில் சிறிது நேரம் இருப்பது. உணவு பற்றிய குறிப்பில் இது எதற்கு என்று தோன்றலாம். தலைமைக் கடிகாரம் உணவைவிட வெளிச்சத்தையே பெரிதும் கேட்கும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. காபியை நண்பகலோடு நிறுத்துவதும் நல்லது.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றக் கூடாது. மருந்தின் அளவு பழைய நேரத்தை ஒட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும்.

இரவுப் பணி செய்பவர்களுக்கு இந்த நேரங்கள் அப்படியே பொருந்தா. அவர்கள் பெரிய உணவைப் பணிக்குப் புறப்படும் முன்பே முடித்துக்கொண்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இயன்றவரை குறைவாக உண்பதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.