தோளில் தூக்கிய கனூவின் மூக்கு தாழ்ந்தால்: என் அனுபவம்

கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் கனூ லேக்கிலிருந்து ஜோ லேக்குக்குப் போக, இடையில் 295 மீட்டர் தூரம் கனூவை (துடுப்பால் ஓட்டும் குறுகிய படகு) கவிழ்த்துத் தோளில் தூக்கி நடக்க வேண்டும். இதைத்தான் போர்ட்டேஜ் என்கிறார்கள். வாடகைக்கு எடுத்த கெவ்லார் (இலேசான, உறுதியான செயற்கை இழை) கனூ சுமார் 20 கிலோதான். பாரத்தைவிட மூக்குதான் தொல்லை கொடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்பக்கம் தாழ்ந்து கண்ணை மறைத்தது. அதை மேலே தள்ளித் தள்ளியே கை மரத்துப்போனது. "அப்பா, நில்லுங்க, முன்னால வேர் இருக்கு" என்று மகள் வழி சொல்லிக்கொண்டே வந்தாள்.

இறக்கி வைத்துப் பார்த்தேன். தோளில் நுகம்போல் உட்காரும் நடுக்கட்டை போல்ட் போட்டது, நகர்த்த முடியாது. ஆகவே நிறைந்த தண்ணீர் பாட்டிலையும் கயிற்றுச் சுருளையும் பின் இருக்கையோடு ஆடாமல் இறுக்கிக் கட்டினேன். பின்பக்கம் துளி கனம் கூடினால் போதும், மூக்கு தானாக எழும்பிப் பாதை நன்றாகத் தெரிகிறது! துடுப்புகளை மனைவி தனியாக எடுத்துக்கொண்டார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கட்டை தோளில் அழுத்தாமல் அதுவே மெத்தையாகிவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கரையிலேயே கட்டிச் சரிபார்த்துவிடுங்கள். அந்தக் கயிறு இரவில் சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் கிளையில் தொங்கவிடவும் உதவும்.