போல்ட்டுக்குக் கார்பன் கணக்கு எழுதுவது எப்படி

ஓசூர் சிட்கோவில் போல்ட் செய்யும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம்., சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் சட்டத்தை நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் 2024 தொடக்கத்தில் வந்த ஒரு மெயில். எங்கள் சரக்கை எடுக்கும் ஜெர்மன் பார்ட்டி, ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று கேட்டிருந்தார்.

"எவ்வளவு புகைன்னு கேக்கறாங்க சார்" என்று முதலாளியிடம் சொன்னேன்.

"நம்ம பட்டறையில ஏதும்மா புகை? சோலார் போட்டிருக்கோம்னு எழுதி அனுப்பு" என்றார்.

அப்படியே எழுதினேன். ஒரு வருட கரண்ட் பில், கூரையில் இருக்கும் பேனலின் போட்டோ எல்லாம் சேர்த்து. நாலாம் நாள் ஒரே வரியில் பதில் வந்தது: நன்றி, உங்கள் கம்பியின் கணக்கு எங்கே? அந்த ஒரு வரி புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பெரிய ஆலைகள் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பனுக்கும் உரிமச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சந்தை 2005 முதல் நடக்கிறது. அங்கே காசு கட்டி உருக்கிய இரும்பும், கட்டாமல் உருக்கிய வெளிநாட்டு இரும்பும் ஒரே கடையில் விற்றால் அவர்கள் ஆலை மூட வேண்டியதுதான். அதனால் எல்லையில் ஒரு சமன் கட்டணம். சுருக்கப் பெயர் சி.பி.ஏ.எம்.; ஏற்றுமதிக்காரர்கள் வாயில் 'சிபாம்'. சட்ட எண் 2023/956. 2023 அக்டோபர் 1 முதல் 2025 கடைசி வரை கணக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் வரும் சரக்குக்குக் காசு. கட்டுவது நாம் இல்லை, அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் கட்டும் தொகை அடுத்த ஆர்டரில் நம் விலையில்தான் இறங்கும் என்பதைத் தொழிலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலை, சட்டத்தைப் பின்னாலிருந்து படியுங்கள். ஐரோப்பியச் சட்டங்கள் எல்லாம் 'யூர்-லெக்ஸ்' என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். திறந்ததும் முன்னுரை பக்கம் பக்கமாக ஓடும். ஏன் இந்தச் சட்டம், எதற்காக இந்த இலக்கு, 2030-க்குள் 1990-ஐ விட 55% குறைப்பு, 2050-ல் நிகர பூஜ்யம் என்று. நியாயம் தெரிந்துகொள்ள நல்லது, ஆனால் அதில் கட்டளை கிடையாது. நான் முதல் வாரம் முழுக்க அதைத்தான் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நமக்கு வேண்டியது கடைசியில் இருக்கும் இணைப்புகள். முதல் இணைப்பில் சுங்கக் குறியீடு வாரியாகப் பொருள் பட்டியல் இருக்கிறது. 7318 என்றால் போல்ட், நட், ஸ்க்ரூ. உள்ளே இருக்கிறது. ஷிப்பிங் பில்லில் நாம் போடும் எட்டு இலக்கத்தில் முதல் ஆறுதான் உலகம் முழுக்கப் பொது. கடைசி இரண்டை அவரவர் நாடு வைத்துக்கொள்ளும். அதனால் ஐரோப்பியப் பட்டியலோடு ஆறு இலக்கம் வரை ஒப்பிட்டுவிட்டு, மீதியைப் பார்ட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் இணைப்பில்தான் எங்கள் சோலார் கவிழ்ந்தது. நேரடி வெளியீடு மட்டும் கணக்கில் வரும் பொருட்கள் அதில் இருக்கின்றன. இரும்பும் அலுமினியமும் அங்கே. நேரடி என்றால் நம் அடுப்பிலும், கம்பி செய்த ஆலையின் உலையிலும் எரித்தது. வாங்கிய கரண்ட் அதில் சேராது. 2025 வரை தகவலுக்காகக் கரண்ட் கணக்கையும் கேட்டார்கள், சரிதான். ஆனால் காசு வசூலிக்கும் காலத்தில் இரும்புக்கு அது கிடையாது. ஏன் என்று தேடினேன். ஐரோப்பாவில் இரும்பு ஆலைகளுக்குக் கார்பன் சந்தையால் ஏறும் மின் செலவை அரசாங்கங்களே ஈடுகட்டிக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. தன் ஆலைக்கு ஈடு கொடுத்துக்கொண்டே நம் கரண்டுக்குக் காசு கேட்டால் வழக்கில் நிற்காது. நியாயம் புரிகிறது, கிருஷ்ணகிரி வெயிலுக்கு மதிப்பில்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். முதலாளி கேட்டார், அப்போ சோலார் வீணா என்று. கரண்ட் பில்லில் குறையும் சார், சிபாம் தாளில் குறையாது என்றேன்.

அடுத்து, கையில் இருக்கும் தாள் சட்டமா, யோசனையா என்று பார்க்கப் பழகுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் முன்மொழிவுகள் 'காம்' (COM) என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு தொடங்கும். அதை ஐரோப்பியப் பாராளுமன்றமும் உறுப்பு நாடுகளின் கவுன்சிலும் ஏற்று, அரசிதழில் வந்தால்தான் சட்டம். 2025 டிசம்பரில் இரும்பும் அலுமினியமும் அதிகம் சேரும் சுமார் 180 பொருட்களையும் சேர்க்கலாம் என்று ஆணையம் முன்மொழிந்தது. பக்கத்து ஷெட்டில் மெஷின் பாகம் செய்பவர் வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கன்சல்டன்ட்டுக்கு அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அது முன்மொழிவு, 2028-ஐக் குறிவைத்தது என்று நான் சொன்னபோது ரசீது போட்டாகிவிட்டது. ஆராய்ச்சி அறிக்கைக்கும் இதே எச்சரிக்கைதான். ஆணையத்தின் ஆராய்ச்சி மையமான ஜே.ஆர்.சி. 2023-ல் இரும்பு, உரம், அலுமினியம், சிமென்ட் நான்குக்கும் நாடு நாடாக ஒரு டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்று ஒப்பிட்டு அறிக்கை போட்டது. ஆலை தரும் எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். அதிலுள்ள எண்ணை எடுத்து உங்கள் எண் என்று எழுதக்கூடாது.

கணக்கில் இறங்குவதற்கு முன் பார்ட்டியிடம் ஒன்று கேளுங்கள்: வருடத்துக்கு 50 டன் தாண்டுகிறீர்களா? 2025 அக்டோபரில் வந்த திருத்தத்தின்படி, சிபாம் பட்டியல் இரும்பு, அலுமினியம் போன்றவற்றை ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 50 டன்னுக்குள் கொண்டுவரும் இறக்குமதியாளருக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாம் அனுப்பியது இல்லை, அவர் எல்லோரிடமும் வாங்கியது சேர்த்து 50. மூன்று கன்டெய்னர் போல்ட் போனால் முடிந்தது கதை.

இனி கணக்கு. நம் பட்டறையிலிருந்து மூன்று எண் போதும்: உள்ளே வந்த கம்பி எடை, எரித்த கேஸ் எடை, பெட்டியில் போன போல்ட் எடை. எளிதாக விளங்க ஒரு மாதத்தை வைத்துக்கொள்வோம். கம்பிச் சுருள் (காயில்) 43.2 டன் ஓட்டினோம். போல்ட் 40 டன். மீதி 3.2 டன் வெட்டுத்துண்டும் ரிஜெக்ஷனும், ஸ்க்ராப் வண்டியில் போனது. ஸ்க்ராப்புக்குக் கார்பனைப் பங்கு போடக்கூடாது. கம்பியோடு வந்த அத்தனையும் போல்ட் தலையில்தான். என் முதல் தாளில் நான் 43.2-ஆல் வகுத்து எண்ணைச் சின்னதாகக் காட்டியிருந்தேன். பார்ட்டி கண்டுபிடித்துத் திருப்பினார்.

போல்ட்டைச் சூடாக்கிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் அடுப்புக்கு 19 கிலோ சிலிண்டர் 105. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 2.98 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு சிலிண்டருக்குச் சுமார் 57 கிலோ. 105-க்கு 5.95 டன். கம்பிக்கு ஆலை டன்னுக்கு 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு என்று கொடுத்ததாக வைத்தால், 43.2 டன்னுக்கு 103.68. இரண்டையும் கூட்டி 40-ஆல் வகுத்தால் 2.74. அதில் நம் அடுப்பின் பங்கு 0.15 மட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலுக்கு மேல் கம்பியோடு வாசலுக்குள் வந்தது. ஜெர்மன்காரர் ஒரே வரியில் கேட்டது இதைத்தான்.

சிலிண்டர் கணக்குக்கு கேஸ் ஏஜென்சி பில்லை மட்டும் நம்பாதீர்கள். பில் மாதம் தாண்டி வரும். எங்கள் சிலிண்டர் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. மாற்றும் தம்பி ஒடிசாக்காரர், தமிழ் எழுத வராது. நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று போடுவார். மாதக் கடைசியில் நான் எண்ணிக்கொள்வேன். ஒருமுறை காலி என்று ஒதுக்கியதைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். சிலிண்டரில் பொறித்த காலி எடையை விட ஒன்றரை கிலோ அதிகம். அன்றிலிருந்து காலியையும் எடை போட்டுத்தான் அனுப்புகிறோம். கார்பனுக்காக ஆரம்பித்தது, காசாகவும் தெரிந்தது. ஹீட் ட்ரீட்மென்ட்டை வெளியே ஜாப் வொர்க் கொடுப்பவர்கள், அந்தப் பட்டறையின் எரிபொருள் கணக்கையும் டெலிவரி சலானோடு கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

ஏப்ரல்-மார்ச் பழக்கத்தை இங்கே விடுங்கள். அவர்களுக்கு ஜனவரி-டிசம்பர். 2026-ல் போன சரக்குக்கு இறக்குமதியாளர் 2027 செப்டம்பர் 30-க்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். உங்களுக்கு மெயில் அதற்கு வெகு முன்பே வரும்.

சொந்த எண் கொடுப்பதென்றால் 2026 முதல் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் முறை நேரில் வருவார், செலவு உண்டு. வேண்டாமென்றால் ஆணையம் நாடு வாரியாக வைத்திருக்கும் இயல்பு எண்ணைப் பார்ட்டி போட்டுக்கொள்ளலாம். அதில் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்கள். எது லாபம்? ஆர்டர் சின்னதாக இருந்தால் இப்போதைக்கு இயல்பு எண் போதும் என்பது என் எண்ணம். அங்கே ஆலைகளுக்கு இலவசமாகத் தரும் உரிமச் சீட்டு 2026-ல் 2.5% தான் குறைகிறது; அங்கே இலவசமாகக் கிடைக்கும் அளவு நம் கணக்கிலும் கழியும், அதற்கு மேல் உள்ளதற்குத்தான் காசு. அந்தக் குறைப்பு 2030-ல் 48.5%, 2034-ல் முழுக்க. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிய கம்பி வாங்குபவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். தாதுவை நிலக்கரியோடு உருக்கும் ஊது உலைக் கம்பிக்கு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வரும் இடத்தில், அவர்களுடைய நேரடிக் கணக்கு அதில் சிறு பங்குதான். இயல்பு எண்ணில் போனால் அந்த நன்மை அப்படியே கரைந்துவிடும்.

ஆகவே எல்லாம் கம்பி ஆலை தரும் கடிதத்தில் வந்து நிற்கிறது. டீலரிடம் கேட்டால் டெஸ்ட் சர்டிபிகேட்டை நீட்டுவார்; அதில் கார்பன் என்று ஒரு கட்டம் இருக்கும், 0.35 என்றெல்லாம். அது இரும்புக்குள் கலந்திருக்கும் கார்பன், புகை இல்லை. நான் ஒருநாள் அதை எடுத்து எழுதப் போனேன், மெஷின் செட்டர் அண்ணன் பார்த்துச் சிரித்துவிட்டார். டீலர் வழியாக ஆலைக்கு எழுதும்போது காயிலின் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்), வாங்கிய தேதி, எடை மூன்றையும் போடுங்கள். எந்த ஆலை, எந்த வகை உலை, டன்னுக்கு நேரடி வெளியீடு எவ்வளவு, எந்த ஆண்டுக் கணக்கு, யார் சரிபார்த்தது என்று ஐந்தே கேள்வி. நாங்கள் எழுதிய முதல் இரண்டு கடிதத்துக்குப் பதிலே இல்லை. மூன்றாவதில், அடுத்த ஆர்டரோடு இந்தத் தாளும் வந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பதினெட்டு நாளில் வந்தது.